சுவர் இருக்கும் குழிக்குச் சவ்வு எதற்கு?

சிதைந்த பல்லைப் பிடுங்கிய அதே அமர்வில், அந்தக் குழியிலேயே டைட்டானியம் இம்ப்ளான்ட்டைப் பொருத்துவது இன்று பரவலாகிவிட்ட சிகிச்சை. பல்வேரின் குறுக்குவெட்டு பெரும்பாலும் ஒழுங்கற்ற நீள்வட்டம்; இம்ப்ளான்ட்டோ உருளை. ஆகவே இம்ப்ளான்ட்டுக்கும் குழியின் எலும்புச் சுவருக்கும் நடுவில் எங்காவது ஓர் இடைவெளி மிஞ்சும். அதை என்ன செய்வது என்று கேட்டால் பயிற்சி வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: எலும்புத்தூளால் நிரப்பு, அதன்மேல் கொலாஜன் சவ்வைப் போர்த்து, ஈறை இழுத்துத் தையல் போடு. சவ்வு போடாத வேலை அரைகுறை வேலை என்பது துறைக்குள் கேள்வியின்றி ஏற்கப்பட்ட பேச்சாகிவிட்டது. இளம் மருத்துவர்கள் அதை விதியாகப் படித்துவிட்டு வருகிறார்கள். நோயாளிகள் அதை மதிப்பீட்டுச் சீட்டில் ஒரு வரியாகப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். குழியின் எலும்புச் சுவர்கள் நான்கும் பழுதில்லாமல் இருக்கும்போது, உடனடி இம்ப்ளான்ட்டின்மேல் கொலாஜன் சவ்வு போடுவதால் நோயாளிக்குக் கூடுதல் நன்மை உண்டு என்பது நிறுவப்படவில்லை. அதைப் போடுவதற்காகச் செய்யும் வெட்டும் இழுப்பும் பல நேரங்களில் அவருக்கு இழப்பையே தருகின்றன. சவ்வையே ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். சுவர் இடிந்த குழியில் அது தேவை. அங்கே போடாமல் விடுவதுதான் தவறு. நான் எதிர்ப்பது, குழியைச் சோதிக்காமல் எல்லாக் குழிக்கும் ஒரே மாதிரி போடும் வழக்கத்தை.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிடுவதே முறை. காயம் ஆறும்போது பல வகைச் செல்கள் அந்த இடத்துக்கு விரைகின்றன. ஈறின் மேல்தோல் செல்களும் நார்த்திசுச் செல்களும் வேகமாகப் பரவுகின்றன. எலும்பை உண்டாக்கும் செல்கள் மெதுவாக வருகின்றன. முந்தி வருவது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எந்தச் செல் முதலில் குடியேறுகிறதோ அதுவே ஆறும் திசுவின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்ற கருத்தை, பல்வேரைச் சூழ்ந்த திசுக்களை வைத்து 1976இல் மெல்ச்சர் முன்வைத்தார். 1982இல் நைமன், லிண்டே முதலியோர் ஸ்வீடனில் ஒரு மனிதப் பல்லின் வேருக்கும் ஈறுக்கும் இடையே தடுப்பு ஒன்றை வைத்து, ஈறுச் செல்களை விலக்கினால் வேரின்மேல் புதிய இணைப்பு உருவாகும் என்று காட்டினார்கள். 1988இல் டாலினும் அவருடைய குழுவினரும் எலிகளின் கீழ்த்தாடையில் இருபுறமும் ஊடுருவும் துளையிட்டு, ஒரு பக்கத் துளையை டெஃப்லான் சவ்வால் மூடி, மறுபக்கத் துளையை மூடாமல் விட்டார்கள். மூடிய துளை எலும்பால் அடைந்தது. மூடாத துளையை மென்திசு பிடித்துக்கொண்டது.

அழகான ஆய்வு, ஐயத்துக்கு இடமில்லாத முடிவு. மறு ஆண்டே லஸாரா அந்தத் தத்துவத்தைப் பற்குழிக்குக் கொண்டுவந்தார்: பிடுங்கிய குழியில் இம்ப்ளான்ட், அதன்மேல் தடுப்புச் சவ்வு. டெஃப்லான் சவ்வு ஈறைக் கிழித்து வெளியே வந்தால் தொற்று ஏற்பட்டது; ஆறிய பிறகு அதை எடுக்க இன்னோர் அறுவையும் தேவைப்பட்டது. 1990களில் தானாகவே கரையும் கொலாஜன் சவ்வு வந்ததும் இந்தத் தொல்லை குறைந்தது. கையாள எளிது, எடுக்க வேண்டியதில்லை. அதோடு சவ்வு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து “வைத்துவிட்டால் என்ன நட்டம்?” என்ற கேள்வி, “ஏன் வைக்க வேண்டும்?” என்ற கேள்வியை ஓரங்கட்டிவிட்டது.

இனி என் மறுப்பு. டாலின் ஆராய்ந்தது எந்தக் காயம் என்று பாருங்கள். தாடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளைத்த ஓட்டை அது. உள்ளேயும் வெளியேயும் தசையும் மென்திசுவும் நேரடியாக நுழைய வழி இருந்தது. உடனடி இம்ப்ளான்ட் வைத்த பற்குழி அப்படிப்பட்டதல்ல. அதற்கு அடியும் உண்டு, நான்கு பக்கமும் எலும்பும் உண்டு. திறந்திருக்கும் ஒரே வாயிலையும் இம்ப்ளான்ட்டின் கழுத்தும் அதன்மேல் திருகும் ஆறுமூடியும் பெரும்பகுதி அடைத்துவிடுகின்றன. மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகல இடுக்கு. அதில் இரத்தம் நிறைந்து உறைகிறது. அந்த உறைவை மூன்று பக்கமும் எலும்பு மஜ்ஜையோடு தொடர்புள்ள சுவர்கள் சூழ்ந்திருக்கின்றன. சுவர் நிற்கும் வீட்டுக்கு யாரும் தட்டி கட்டுவதில்லை. துளையில் செல்லுபடியான தத்துவத்தை அந்தத் துளையின் நிலைமைகளே இல்லாத குழிக்கு மாற்றியதுதான் இந்த வழக்கத்தின் முதல் பிழை.

பற்குழி எலும்பால் நிரம்பத் துணை தேடுவதில்லை. பல் பிடுங்கிய எந்தக் குழியும் முதலில் இரத்த உறைவாகி, பிறகு இரத்த நாளங்கள் நிறைந்த இளந்திசுவாகி, அடியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் எலும்பு வளர்ந்து நிரம்புகிறது. மனிதனின் பற்குழி ஆறும் படிநிலைகளை ஆம்லர் 1969இலேயே பதிவு செய்தார். கோடிக்கணக்கான மனிதர்கள் பல் பிடுங்கிக்கொண்டு, சவ்வும் தூளும் இல்லாமல், உள்ளே எலும்பு நிறைந்த குழியோடு வாழ்கிறார்கள். குழியின் நடுவே டைட்டானியம் நின்றால் இந்த ஆற்றல் நின்றுவிடுமா என்பதே கேள்வி.

நின்றுவிடுவதில்லை என்பதற்கு மனிதச் சான்று இருக்கிறது. இம்ப்ளான்ட்டுக்கும் எலும்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் எலும்பு எட்டிவராது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். சொரசொரப்பாக்கப்பட்ட புதிய இம்ப்ளான்ட் மேற்பரப்புகளோடு நாய்களில் செய்த ஆய்வில் 2003இல் போட்டிச்செல்லியும் லிண்டேயும் பெர்க்லுண்டும் மற்றவர்களும் அந்த எல்லையைத் தகர்த்தார்கள். அடுத்த ஆண்டு போட்டிச்செல்லி, பெர்க்லுண்ட், லிண்டே மூவரும் 18 நோயாளிகளின் குழிகளில் 21 இம்ப்ளான்ட்டுகளை வைத்தார்கள். தூள் இல்லை, சவ்வு இல்லை. நான்கு மாதம் கழித்துத் திறந்து அளந்தபோது ஆழமான இடைவெளிகளில் பெரும்பாலானவை எலும்பால் நிரம்பியிருந்தன. 2011இல் நியூயார்க்கின் டார்னோவும் சூவும் ஒரு நோயாளியின் திசுவை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டிய சான்று இன்னும் துணிச்சலானது: முகப்புறத்தில் 4.2 மில்லிமீட்டர் இடைவெளி. தூள், சவ்வு, ஈறை இழுத்து மூடுதல் எதுவும் இல்லை. இம்ப்ளான்ட்டோடு எலும்பு இணைந்திருந்தது. ஒற்றை நோயாளியைக் கொண்டு விதி எழுத முடியாது. ஆனால் சவ்வில்லாமல் எலும்பு வரவே வராது என்ற விதியை உடைக்க ஒன்றே போதும்.

“சரி, இடைவெளி நிரம்பிவிடுகிறது. ஆனால் வெளியே எலும்பு கரைந்து ஈறு குழிந்துபோகிறதே, அதற்காகத்தான் சவ்வு” என்பார்கள். இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டியது. போட்டிச்செல்லியின் அதே 2004 ஆய்வில் குழியின் வெளிப்புறம், அதாவது உதடும் கன்னமும் இருக்கும் பக்கம், கிடைமட்டமாக 56 விழுக்காடு தேய்ந்திருந்தது. நாக்குப் பக்கம் 30 விழுக்காடு. உள்ளே நிரம்பியது, வெளியே இழந்தது. இழப்பு உண்மை. ஆனால் அந்த இழப்பின் காரணம் என்ன, சவ்வு அந்தக் காரணத்தைத் தொடுகிறதா என்று கேட்க வேண்டும்.

காரணத்தை 2005இல் அராவ்ஜோவும் லிண்டேயும் நாய்களில் தெளிவாக்கினார்கள். பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்கள் ஊன்றிய மெல்லிய எலும்புப் படலம் ஒன்று குழியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கிறது. பல் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. பல் போனதும் நார் போகிறது, நாரின் வழியே வந்த இரத்தம் போகிறது, அந்தப் படலமும் கரைகிறது. நாக்குப் பக்கச் சுவர் தடிமனானது. அந்தப் படலம் கரைந்தாலும் சுவர் நிற்கும். முகப்புறச் சுவரின் விளிம்போ பெரும்பாலும் அந்தப் படலத்தால் மட்டுமே ஆனது. ஆகவே எட்டு வாரத்துக்குள் அது மறுபக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அதிகம் இறங்கிவிட்டது. பிடுங்கிய உடனே இம்ப்ளான்ட் வைத்தாலும் இந்தத் தேய்மானம் நிற்பதில்லை என்பதை அதே ஆண்டில் இன்னோர் ஆய்வில் அவர்களே காட்டினார்கள். மனிதர்களின் மேல்தாடை முன்பற்களில் இந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது? 2010இல் ஹுயின்-பாவும் உடனிருந்தோரும் அளந்த முன்பற்குழிகளில் 87 விழுக்காட்டில் அது ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோதான். பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஷாப்பூயியும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மெல்லிய சுவருள்ள இடங்களில் செங்குத்து எலும்பு இழப்பின் இடைநிலை அளவு 7.5 மில்லிமீட்டர், தடித்த சுவருள்ள இடங்களில் 1.1 மில்லிமீட்டர்.

ஆக இழப்பு வருவது இரத்த ஓட்டமும் பணியும் அற்றுப்போன எலும்பு கரைவதால். வெளியிலிருந்து படையெடுத்து வரும் செல்கள் அதை அரித்துத் தின்பதில்லை. சவ்வு ஒரு தடுப்பு, செல்களை விலக்கும். அறுந்த நாரை அது திரும்ப முடையாது, போன இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவராது. நோயின் காரணம் ஒன்று, மருந்தின் வேலை வேறொன்று.

இது வெறும் தத்துவ வாதம் இல்லை. 2007இல் ஸ்டீபன் சென், டார்பி, ரெனால்ட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியையே நேராகக் கேட்டது. மேல்தாடை முன்பகுதியில் 30 உடனடி இம்ப்ளான்ட்டுகள், மூன்று பிரிவு. ஒன்றில் மாட்டெலும்பிலிருந்து எடுத்த தூள் மட்டும். இன்னொன்றில் தூளும் கொலாஜன் சவ்வும். மூன்றாவதில் இரண்டும் இல்லை. இடைவெளி நிரம்பியதில் மூன்று பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெளிச்சுவரின் கிடைமட்டத் தேய்மானத்தில் வேறுபாடு இருந்தது: எதுவும் வைக்காத பிரிவில் ஏறத்தாழ பாதி தேய்ந்தது, தூள் மட்டும் வைத்த பிரிவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, தூளோடு சவ்வும் வைத்த பிரிவில் ஐந்தில் ஒரு பங்கு. தூள் காத்தது. சவ்வு அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. சவ்வின் பெயரில் இன்று பாராட்டப்படும் வெற்றி பெரும்பாலும் அதன் அடியில் இருக்கும் தூளுக்குச் சேர வேண்டியது. இரண்டையும் எப்போதும் சேர்த்தே போடும் மருத்துவருக்கு எது வேலை செய்தது என்று தெரிய வழியே இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் ஈறு பின்வாங்கியிருந்தது. அவற்றில் இம்ப்ளான்ட் முகப்புறம் தள்ளி நின்றது முக்கியமாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு எவன்ஸும் சென்னும் வெளியிட்ட ஆய்வு அதை இன்னும் கூர்மையாக்கியது. முகப்புறமாகச் சாய்ந்து நின்ற இம்ப்ளான்ட்டுகளில் ஈறு சராசரியாக 1.8 மில்லிமீட்டர் பின்வாங்கியது. அண்ணப்பக்கமாக நின்றவற்றில் 0.6 மில்லிமீட்டர். மூன்று மடங்கு வேறுபாடு! துளையிடும் கையின் கோணத்தில் பிறக்கும் வேறுபாடு இது. எந்தச் சவ்வும் இதைத் திருத்தித் தராது. தவறான இடத்தில் வைத்த இம்ப்ளான்ட்டைச் சவ்வால் போர்த்திவிட்டு, விதிப்படி செய்துவிட்டோம் என்று மன அமைதி கொள்வதுதான் இந்த வழக்கம் செய்யும் பெரிய தீங்கு.

“வைத்தால் நட்டமில்லை” என்ற வாதத்துக்கு வருகிறேன். நட்டம் உண்டு. சவ்வு நிலைத்து நிற்க வேண்டுமானால் அதன் ஓரம் எலும்பின் விளிம்பைத் தாண்டிப் படிய வேண்டும். அதற்கு ஈறை எலும்பிலிருந்து உரித்து மடலாகத் தூக்க வேண்டும். முகப்புறச் சுவருக்கு இரத்தம் வருவது மூன்று வழிகளில்: பல்லின் நார், எலும்பு மஜ்ஜை, எலும்பைப் போர்த்திய உறை. பல்லைப் பிடுங்கியதும் முதல் வழி அடைபட்டது. சுவர் மிக மெல்லியதாக இருந்தால் உள்ளே மஜ்ஜையே இருக்காது; இரண்டாவது வழியும் இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே வழியான எலும்புறையையும் சவ்வு வைப்பதற்காக நாமே உரிக்கிறோம். மடல் தூக்குவதால் எலும்பு கூடுதலாகத் தேய்கிறதா என்பதில் விலங்காய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை: 2008இல் ஃபிக்லின் குழு கூடுதல் தேய்மானத்தைக் கண்டது, 2009இல் அராவ்ஜோவும் லிண்டேயும் ஆறு மாத முடிவில் வேறுபாடு காணவில்லை. எலும்புக் கணக்கை அப்படியே இருபக்கமும் விட்டுவிடுவோம். ஈறுக் கணக்கில் ஐயம் இல்லை. பல் நின்ற இடத்தில் மூடுவதற்கு ஈறே கிடையாது. அங்கே மூடித் தைக்க வேண்டுமானால் கன்னப்புற ஈறின் அடியில் எலும்புறையை அறுத்துத் தளர்த்தி இழுத்துவர வேண்டும். அப்படி இழுத்தால் கடினமான இளஞ்சிவப்பு ஈறு பல்வரிசையின் முகட்டுக்கு நகர்ந்துவிடும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் ஆழம் குறையும். பற்களுக்கு இடையே முக்கோணமாய் நிற்கும் ஈறு குலையும். வீக்கமும் வலியும் கூடும். பிறகு இதையெல்லாம் சரிசெய்ய இன்னோர் ஈறு அறுவை!

மூடாமல் விட்டால் என்ன ஆகும்? கொலாஜனின் இயல்பே அதற்கு விடை. இந்தப் பொருளின் மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. அதன் முப்புரி அமைப்பை 1954இல் நேச்சர் இதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்த முறுக்குதான் பெரும்பாலான செரிமான நொதிகளிடமிருந்து கொலாஜனைக் காக்கிறது. ஆனால் கொலாஜனேஸ் என்ற நொதி மட்டும் அந்த முறுக்கை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடல் வெப்பத்தில் பிரிந்துபோகும். பிறகு மற்ற நொதிகள் அவற்றை எளிதில் கரைத்துவிடும். வாயில் இந்த நொதிக்குப் பஞ்சமில்லை. காயத்துக்கு வரும் வெள்ளணுக்களும் சுரக்கின்றன, ஈறுநோய்க் கிருமிகளும் சுரக்கின்றன. ஈறுக்கு அடியில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நிற்கும் சவ்வு, வாய்க்குத் திறந்து கிடந்தால் அதைவிட மிக விரைவில் கரைகிறது. வேதிமுறையில் இழைகளைப் பிணைத்துத் தயாரித்த சவ்வு நெடுநாள் நிற்கும். ஆனால் அதன் வழியே இரத்த நாளங்கள் ஊடுருவுவதும் தாமதமாகிறது.

இங்கே எதிர்த்தரப்பு ஓர் இக்கட்டில் நிற்கிறது. சவ்வு தடுப்பாக வேலை செய்ய வேண்டுமானால் ஈறை இழுத்து மூட வேண்டும். அப்போது மேலே சொன்ன இழப்புகள் எல்லாம் வரும். “எங்கள் சவ்வைத் திறந்து விட்டாலும் நன்றாகவே ஆறுகிறது” என்று சொன்னால், சீக்கிரம் கரைந்துபோன தடுப்பு இல்லாமலே குழி நன்றாக ஆறியது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், சுவர் முழுதாக உள்ள குழிக்குச் சவ்வு தேவையில்லை என்ற இடத்துக்கே வாதம் வந்து சேர்கிறது.

“தூள் சிதறாமல் பிடித்துவைக்கவாவது வேண்டாமா?” என்பார்கள். பிடித்துவைக்க வேண்டும், அதற்குச் சவ்வு வேண்டாம். குழியின் வாய் அளவுக்கு வடித்த ஆறுமூடியோ, கடிபடாத தற்காலிகப் பல்லோ அந்த வேலையைச் செய்கிறது. ஈறின் வடிவத்தையும் அதுவே தாங்குகிறது. டார்னோவும் சூவும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டில், மடல் தூக்காமல் தூளும் தற்காலிகப் பல்லும் சேர்த்து வைத்த பிரிவில்தான் தாடை முகட்டின் அகலம் மிகக் குறைவாக மாறியது. மெல்லிய ஈறைத் தடிப்பாக்க வேண்டுமானால் அதற்கும் வழி வேறு: அண்ணத்திலிருந்து எடுத்த இணைப்புத்திசுவை ஈறுக்கு அடியில் வைப்பது. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய கருவி இருக்கிறது. எல்லா வேலைக்கும் சவ்வையே நீட்டுவது சிந்திக்க மறுப்பதற்குச் சமம்.

இதில் நோயாளியின் பணமும் மனமும் உண்டு. நம் நாட்டில் இம்ப்ளான்ட் செலவைப் பெரும்பாலோர் தம் கையிலிருந்தே கட்டுகிறார்கள். சவ்வு என்பது பொட்டலம் பிரித்தால் மீதியை எடுத்துவைக்க முடியாத பொருள். அதன் விலை முழுதும் அந்த ஒரு நோயாளியின் தலையில் விழுகிறது. அது வரும் மூலமோ பன்றி, மாடு, மீன் என்று விலங்குகள். சமயத்தாலும் உணவுப் பழக்கத்தாலும் இது பலருக்குச் சிறிய செய்தி அல்ல. தேவை இருக்கும்போது மூலத்தைச் சொல்லி, இசைவு பெற்று வைப்பது மருத்துவம். தேவையே இல்லாமல் ஒருவரின் உடலுக்குள் அவர் அறியாத விலங்கின் திசுவை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

“நீங்கள் காட்டும் ஆய்வுகள் சிறியவை” என்பது மற்றொரு மறுப்பு. ஆம், சிறியவை. ஆனால் நிறுவும் பொறுப்பு யாருடையது? ஒரு பொருளை உடலுக்குள் வை, அதற்காக வெட்டு, அதற்காகப் பணம் வாங்கு என்று சொல்பவர்தான் பயனைக் காட்ட வேண்டும். இம்ப்ளான்ட் விழாமல் நிற்கிறது என்பதைப் பயனாகக் காட்ட முடியாது. சவ்வு வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரும்பாலான இம்ப்ளான்ட்டுகள் நிற்கின்றன. சவ்வு எதைக் கூட்டியது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வில் அது எதையும் கூட்டவில்லை.

அப்படியானால் சவ்வு எங்கே தேவை? முகப்புறச் சுவர் இல்லாத இடத்தில். வேர் வெடிப்பு, நாட்பட்ட சீழ், பிடுங்கும்போது நேர்ந்த முறிவு போன்றவற்றால் சுவர் போயிருந்தால் அந்தப் பக்கம் எலும்பு வளர ஆதாரம் இல்லை. ஈறு உள்ளே புகுந்துவிடும். டாலினின் துளை இப்போதுதான் உண்மையில் நம் முன்னே இருக்கிறது. 2007இல் எலியனும் டார்னோ உள்ளிட்ட மற்றவர்களும் குழிகளை மூன்றாக வகுத்தார்கள்: ஈறும் எலும்பும் முழுதாக உள்ளவை, ஈறு இருந்தும் முகப்புற எலும்பு போனவை, இரண்டும் போனவை. இரண்டாவது வகைக்கு, மடல் தூக்காமலே குழியின் உட்புறம் கூம்பாகச் சவ்வை இறக்கி, தூளை நிரப்பி, வாயை மூடும் முறையை விளக்கினார்கள். இதே போல, பிடுங்கிச் சில வாரம் கழித்து இம்ப்ளான்ட் வைத்து முகப்புறத்தைத் தூளாலும் சவ்வாலும் மேடாக்கும் முறைக்குப் பெர்ன் மருத்துவர்கள் நீண்டகாலச் சான்று சேர்த்திருக்கிறார்கள். அங்கெல்லாம் சவ்வைக் குறைக்கச் சொல்லி நான் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். இத்தகைய குழியில் உடனடி இம்ப்ளான்ட் வைப்பதே சரியா, காத்திருப்பது மேலா என்றுகூட முதலில் கேட்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வழக்கம் ஏன் நிலைக்கிறது? சவ்வு கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுத்துக் காட்ட முடிகிறது, பொட்டலமாக விற்க முடிகிறது. பல்லை நொறுக்காமல் பொறுமையாகப் பிடுங்குவதையும், இம்ப்ளான்ட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அண்ணப்பக்கம் தள்ளி வைப்பதையும் யாரும் பொட்டலமாக விற்க முடியாது. பொருள் விற்பவர்கள் ஆதரிக்கும் வகுப்பில் பொருளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். சிக்கல் வந்தால் “எல்லாம் போட்டோம்” என்று சொல்ல வழி இருக்கட்டும் என்ற அச்சமும் சேர்கிறது. அச்சத்தால் செய்யும் சிகிச்சை மருத்துவரைக் காக்கலாம். நோயாளிக்கு அது செலவும் வெட்டும்தான்.

செய்ய வேண்டியது கடினமல்ல, கவனம்தான் வேண்டும். பிடுங்குவதற்கு முன் சி.பி.சி.டி. என்னும் முப்பரிமாண ஸ்கேனில் முகப்புறச் சுவரின் தடிமனைப் பாருங்கள். மெல்லிய சுவர் ஸ்கேனில் தெரியாமலும் போகும் என்பதால் பிடுங்கிய பிறகு அளவுகோல் ஊசியால் சுவரின் உட்பக்கத்தை விளிம்பிலிருந்து அடிவரை தொட்டுச் சோதியுங்கள். கடைவாய்ப்பல் என்றால் வேர்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுங்கள். மடல் தூக்காதீர்கள். இம்ப்ளான்ட்டை அண்ணப்பக்கச் சுவரில் ஊன்றி, முகப்புறம் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் விடுங்கள். முன்பல் பகுதியில் அந்த இடைவெளியில் தூள் இடுங்கள். ஆறுமூடியாலோ தற்காலிகப் பல்லாலோ வாயை அடையுங்கள். ஈறு மெல்லியதாயின் இணைப்புத்திசு சேருங்கள். சுவர் இல்லை என்று ஊசி சொன்னால், அப்போது சவ்வை எடுங்கள்.

நோயாளிகளும் இரண்டு கேள்வி கேட்கலாம்: “என் பற்குழியின் எந்தச் சுவர் போயிருக்கிறது? இந்தச் சவ்வு எந்த விலங்கிலிருந்து வந்தது?” இரண்டுக்கும் விடை சொல்வது மருத்துவரின் கடமை.

பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் நான் கேட்கும் மாற்றம் ஒன்றே ஒன்று. சவ்வு வைக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான காரணத்தை நோயாளியின் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: எந்தப் பக்கத்துச் சுவர் இல்லை, விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இல்லை. அந்த வரியை எழுத முடிகிறவர் சவ்வைத் தயங்காமல் போடட்டும். எழுத முடியாதவர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.